மீந்த சோற்றில் அடுப்பெரிய: வடசென்னை வீட்டுக்கு ஒரு கோபர் கேஸ் கலன்

நம் வீட்டில் மீந்த சோறும் காய்கறித் தோலும் குப்பை வண்டி ஏறிக் கொடுங்கையூர் போய்ச் சேர்கின்றன. அங்கே காற்றுப் படாமல் அமுங்கிக் கிடந்து மீத்தேன் ஆகின்றன. அந்த மீத்தேன்தான் குப்பைமேட்டில் தீப்பிடித்தால் நாள்கணக்கில் அணையாமல் எரிவதற்கு ஒரு காரணம். அதையே வீட்டுப் பின்கட்டில் ஒரு டேங்கில் பிடித்துவிட்டால், தினமும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் அடுப்பெரியும்.

வீட்டில் எரிபொருள் தயாரிப்பது என்றதும் பலருக்குப் பஜ்ஜிக் கடை எண்ணெயில் பயோடீசல் செய்வதுதான் முதலில் தோன்றும். ஒட்டுச்சுவர் வீடுகள் நெருங்கி நிற்கும் தெருக்களில் அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அதற்கு மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் வேண்டும். மெத்தனால் கண்ணைப் பறிக்கும் விஷம். அது பற்றிக்கொண்டால் பகல் வெளிச்சத்தில் சுடரே கண்ணுக்குத் தெரியாது. பழைய எண்ணெயை அதற்கென்றே வாங்கிக்கொள்பவர்களிடம் கொடுத்துவிட்டு, சோற்றில் இருந்து எரிவாயு எடுப்பதுதான் வீட்டுக்கு ஏற்ற வேலை. புனேயில் உள்ள ஆர்த்தி (ARTI) என்ற ஊரகத் தொழில்நுட்ப நிறுவனம், சாணத்துக்குப் பதில் உணவுக் கழிவில் ஓடும் சிறிய மிதவைக் கலனுக்காக (வாயு சேரச் சேர, கவிழ்த்து வைத்த டேங்க் மேலே மிதந்து எழும் வகை) 2006-இல் பிரிட்டனின் ஆஷ்டன் விருது பெற்றது. கீழே சொல்வது அந்த வகைக் கலன்தான்.

எவ்வளவு கிடைக்கும்

இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வேகவைத்த சோறு 1 கிலோ போட்டால் 150 லிட்டர் வரை வாயு வரும். காய்கறித் தோல் 1 கிலோவுக்கு 50 லிட்டர் வந்தாலே நல்லது, அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். இரண்டும் கலந்த வீட்டுக் கழிவில் கிலோவுக்கு 80 முதல் 100 லிட்டர் என்று கணக்கு வையுங்கள். தினம் 2 கிலோ என்றால் ஏறக்குறைய 200 லிட்டர். சின்ன பர்னர் ஒன்று அதில் ஒரு மணி நேரம் எரியும்.

ஒரு கன மீட்டர் வாயு, அதாவது 1000 லிட்டர், சுமார் 450 கிராம் எல்பிஜிக்குச் சமம். தினம் 200 லிட்டர் கிடைத்தால் மாதம் 2.7 கிலோ எல்பிஜி மிச்சம். 14.2 கிலோ சிலிண்டரில் ஐந்தில் ஒரு பங்கு. இதை வைத்துச் சிலிண்டரையே நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு 1 கிலோ கழிவு தேறுவதே பெரிது. பக்கத்து வீட்டுக்காரர்களிடமோ தெருமுனை இட்லிக் கடையிலோ சொல்லிவைத்தால் மீதி 1 கிலோ வந்துவிடும்.

இதில் ஜெனரேட்டர் ஓட்டலாமா என்றும் கேட்பார்கள். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 700 லிட்டருக்குக் குறையாமல் வாயு வேண்டும். நான்கு நாள் சேமிப்பு ஒரு யூனிட்டில் தீர்ந்துவிடும். அடுப்புக்கு மட்டும் வையுங்கள்.

இடம்

வெயில் படும் இடமாக இருக்கட்டும். உள்ளே வேலை செய்யும் நுண்ணுயிர்களுக்கு 35 டிகிரி பிடிக்கும். நம்மூர் வெயில் அதை இலவசமாகவே தருகிறது, கறுப்பு டேங்க் வாங்கினால் இன்னும் நல்லது. மார்கழியில் வாயு குறைவதை யாராலும் தடுக்க முடியாது.

நிரம்பிய டேங்க் ஒரு டன் எடை இருக்கும். பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் மரக்கட்டை வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் வீடுகளின் மாடியில் இதை ஒருபோதும் வைக்காதீர்கள். கான்கிரீட் மாடி என்றாலும் தூணும் பீமும் சேரும் இடத்தின் மேல்தான் வைக்க வேண்டும். தரையில் இடம் இருந்தால் அதுவே சிறந்தது. வியாசர்பாடி, புளியந்தோப்பு போலத் தண்ணீர் தேங்கும் பகுதியில் இரண்டடி உயரத்துக்குச் செங்கல் மேடை கட்டி அதன் மேல் வையுங்கள். மின்மீட்டர், சுவிட்ச் பாக்ஸ், இன்வெர்ட்டர் எதுவும் 2 மீட்டருக்குள் இருக்கக் கூடாது. படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழேயும் வேண்டாம்.

கலன் கட்டுவது

1000 லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் டேங்க் ஒன்று, அதற்குள் கவிழ்த்து வைக்க 750 லிட்டர் டேங்க் ஒன்று. கடையில் லிட்டர் கணக்கைப் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான், டேப் எடுத்துக்கொண்டு போங்கள். சின்ன டேங்கின் வெளிவிட்டத்துக்கும் பெரியதின் உள்விட்டத்துக்கும் நடுவே சுற்றிலும் ஒன்றரை முதல் இரண்டு அங்குல இடைவெளி வேண்டும். குறைந்தால் டேங்க் சுவரில் புடைத்திருக்கும் வரிகள் உரசிச் சிக்கிக்கொள்ளும். கூடினால் அந்த இடுக்கு வழியாக வாயு வீணாகும், நாற்றமும் வரும். இரும்பு டிரம் மலிவாகக் கிடைக்கிறதே என்று யோசிக்காதீர்கள். வெளியே எண்ணூர் உப்புக்காற்று, உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு, இரண்டும் சேர்ந்தால் இரும்பு தாங்காது.

பெரிய டேங்கின் வாயைத் தோள்பட்டை அளவில் வெட்டி எடுத்துவிடுங்கள். அதில் மூன்று துளைகள் வரும். ஒன்று, அடியிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் கழிவு போடும் 3 அங்குலக் குழாய்க்கு. இரண்டு, மேல்விளிம்பிலிருந்து 10 செ.மீ. கீழே 2 அங்குல வழிவுக் குழாய்க்கு. மூன்று, அடியோரத்தில் வண்டல் திறந்துவிட 2 அங்குல பால் வால்வுக்கு (ball valve, கைப்பிடியைத் திருப்பித் திறப்பது). கழிவு போடும் குழாயை வெளிப்பக்கமாக எல்போ வைத்து நிமிர்த்தி, வாயை வழிவுக் குழாயைவிட ஓர் அடி உயரத்தில் நிறுத்தி, மூடி போடுங்கள். அந்த உயரம் இல்லையென்றால் கழிவு ஊற்றும் இடத்திலேயே உள்ளே இருக்கும் கழிவுக் குழம்பு வழிந்துவிடும்.

பலர் தோற்கும் இடம் இந்தத் துளைகள்தான். தண்ணீர் டேங்க் பாலிஎத்திலீன். அதில் எம்-சீல், சிலிகான், பிவிசி பசை எதுவும் பிடிக்காது. இன்று ஒட்டியதுபோல் தோன்றும், ஒரு மாதத்தில் உரிந்து வரும். மரை போட்ட டேங்க் நிப்பிள் வாங்கி, உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று தடித்த ரப்பர் வாஷர் வைத்து முறுக்க வேண்டும். வளைந்த சுவரில் 3 அங்குல வாஷர் முழுதாக உட்காராது, ஆகையால் இரண்டு வரிகளுக்கு நடுவே தட்டையான இடமாகப் பார்த்து ஹோல்-சா (வட்டமாக வெட்டும் ரம்பம்) வைத்துத் துளையுங்கள். பிறகு வெறும் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் முழுக்க விட்டுப் பாருங்கள். சாணம் ஊற்றிய பிறகு கசிவு கண்டுபிடித்தால் அத்தனையையும் வெளியே இறைக்க வேண்டிவரும்.

டேங்கின் அடியில் 20 செ.மீ. உயரமுள்ள கான்கிரீட் கட்டைகள் நான்கை நிறுத்துங்கள். கவிழ்த்த டேங்கின் விளிம்பு அவற்றின் மேல் உட்காரும், கழிவுக் குழாயின் வாயை அடைக்காது. வழிவுக் குழாய் மட்டம் 100 செ.மீ. என்றால் அதில் 20-ஐக் கழித்து 5-ஐக் கூட்டுங்கள்: 85 செ.மீ. அந்த உயரத்துக்குச் சின்ன டேங்கை அடிப்பக்கத்தில் இருந்து அளந்து வெட்ட வேண்டும். அடிப்பக்கம்தான் கவிழ்த்ததும் மேல்பக்கம் ஆகும். அதன் நடுவே அரை அங்குல நிப்பிள், அதன் மேல் பிவிசி பால் வால்வு. பித்தளை வால்வு இங்கே சீக்கிரம் கறுத்து இறுகிவிடும்.

இனி அழுத்தம். வெட்டிய சின்ன டேங்க் சுமார் 14 கிலோ இருக்கும். விட்டம் 95 செ.மீ. என்றால், மேலே ஒவ்வொரு 7 கிலோ எடைக்கும் 1 செ.மீ. உயர நீரின் அழுத்தம் கிடைக்கும். டேங்கின் சொந்த எடை 2 செ.மீ. மட்டும்தான் தரும், அதில் சுடர் நிற்காது. 10 கிலோ மணல் பைகள் நான்கைச் சுற்றிலும் சம இடைவெளியில் வைத்தால் ஏழரை செ.மீ. ஆகிவிடும், அடுப்புக்குப் போதும். எல்லாப் பாரத்தையும் ஒரே பக்கம் வைத்தால் டேங்க் சாய்ந்து சிக்கும்.

குழாயும் அடுப்பும்

டேங்க் ஏறி இறங்கும், எனவே வால்வில் இருந்து முதல் இரண்டு மீட்டர் வளையும் ஹோஸ் வேண்டும். பிறகு அரை அங்குலப் பிவிசி. வாயுவோடு நீராவியும் வரும். அது குழாயில் குளிர்ந்து தேங்கினால் சுடர் குபுக் குபுக்கென்று துடிக்கும். குழாயை ஒரு பக்கம் சாய்வாக ஓட்டி, இருப்பதிலேயே தாழ்ந்த இடத்தில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு, அதன் கீழ்க்காலை ஒரு பாட்டில் தண்ணீருக்குள் 20 செ.மீ. ஆழம் இறக்கிவிடுங்கள். பாட்டிலின் வாயை இறுக்கி மூடக் கூடாது. தேங்கும் நீர் அதில் சொட்டும், அழுத்தம் மிஞ்சினால் வாயு அதன் வழியே குமிழிட்டு வெளியேறும். கத்திரி வெயிலில் இந்தத் தண்ணீர் வற்றிவிடும், பிறகு வாயு முழுதும் அந்த வழியே போய்விடும். வாரம் ஒருமுறை பார்த்து ஊற்றுங்கள்.

அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடுடையது. ஓரடி நீள 2 அங்குலப் பிவிசி குழாயில் துருப்பிடித்த இரும்பு நாரை அடைத்து வழியில் பொருத்தினால் அதை இழுத்துக்கொள்ளும். பாத்திரம் தேய்க்கும் பளபள ஸ்டீல் நார் பயன்படாது, துருப்பிடிக்கும் நார்தான் வேண்டும். கறுத்துப் போனதும் வெளியே எடுத்து வெறும் தரையில் பரப்பிக் காற்றாட விட்டால் மறுபடியும் துருவாகும். அப்போது அது சூடேறும், குப்பைக்கூடையிலோ காகிதத்தின் மேலோ போட்டுவிடாதீர்கள். அடுப்புக்குச் சற்று முன்னால் குழாய்க்குள் நெருங்கிய செம்பு வலைச் சுருள் ஒன்றும் இருக்கட்டும், சுடர் பின்னோக்கி ஓடாமல் தடுக்கும்.

கோபர் கேஸுக்கென்றே விற்கும் பர்னர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பழைய எல்பிஜி அடுப்பின் ஜெட்டை (வாயு பீறிடும் சிறு துளை) 1.5 மி.மீ. துளையாகப் பெருக்கினால் மணிக்கு 200 லிட்டர் அளவில் எரியும். 2 மி.மீ. தாண்ட வேண்டாம். காற்றுத் துளையை முக்கால்வாசி மூடிவிட்டுப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பாருங்கள். எல்பிஜியைவிட இதற்குக் காற்று மிகக் குறைவாகவே போதும். ஜெட் பெருக்கிய அடுப்பில் மறுபடி சிலிண்டரை மாட்டவே கூடாது, சுடர் கட்டுக்கடங்காமல் எழும். இரண்டுக்கும் தனித்தனி அடுப்பு, தனித்தனி குழாய்.

முதல் மாதம்

மீத்தேன் தரும் கிருமியை உள்ளே சேர்க்கத் தொடக்கத்தில் மட்டும் சாணம் வேண்டும், அதற்குத் தெருவில் பால் கறப்பவரிடமே சொல்லிவையுங்கள். புதுச் சாணம் 100 முதல் 150 கிலோ. வைக்கோல், மணல் பொறுக்கி எடுத்துவிட்டு, அதே அளவு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, வலையில் வடிகட்டி ஊற்றி, மீதியைத் தண்ணீரால் நிரப்புங்கள். மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும், ஒரு ராத்திரி திறந்த டிரம்மில் வைத்து ஊற்றினால் போய்விடும். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் போர் தண்ணீர் நாக்கில் உப்புக் கரித்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள். பிறகு சின்ன டேங்கை வால்வு திறந்தபடி கவிழ்த்து மெதுவாக இறக்கி, கட்டைகளின் மேல் உட்கார்ந்ததும் வால்வை மூடுங்கள்.

பத்து முதல் இருபது நாளில் டேங்க் எழும்பும். முதலில் வருவது எரியாது. அதில் பெரும்பகுதி கரியமில வாயு, மீதி உள்ளே தங்கிய காற்று. மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் வெடிக்கும் என்பதை மறக்கக் கூடாது. முதல் இரண்டு முறை நிரம்பியதை, பக்கத்தில் பீடி, அகல்விளக்கு எதுவும் இல்லாத நேரத்தில், திறந்தவெளியில் விட்டுவிடுங்கள். மூன்றாவது தடவை அடுப்பில் பற்றவைத்துப் பாருங்கள். டேங்க் வாயில் தீக்குச்சி காட்டிச் சோதிப்பது உயிரோடு விளையாடுவது. சமையலறை விளக்கை அணைத்துவிட்டுப் பற்றவையுங்கள். நல்ல சுடர் வெளிர்நீலமாக இருக்கும், வெளிச்சத்தில் எரிகிறதா இல்லையா என்றே தெரியாது.

சுடர் வந்த மகிழ்ச்சியில் அன்றைக்கே ஒரு வாளி சோற்றைக் கொட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. சோற்றை அமிலமாக்கும் கிருமி வேகமானது, அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் தரும் கிருமி மெதுவானது. முன்னது ஓடிவிட்டால் பின்னது அமிலத்தில் செத்துவிடும். முதல் வாரம் தினம் 200 கிராம், அடுத்த வாரம் 400, பிறகு 800. நான்காம் வாரம் முடியும்போது 1.5 கிலோ, அதன் பிறகு 2. இந்த அளவுக் கலனுக்கு 4 கிலோதான் உச்சம்.

தினப்படி

வாளியில் கையை விட்டுப் பொறுக்குங்கள். முருங்கைக்காய்ச் சக்கை, கறிவேப்பிலைக் காம்பு, புளிக் கொட்டை, வாழைத்தண்டு நார், எலும்பு, முட்டை ஓடு, நண்டு ஓடு எல்லாம் வெளியே. ஊறுகாயும் எலுமிச்சைத் தோலும் வேண்டாம், அவை கிருமியைக் கொல்லும். மீதியை மிக்ஸியிலோ கையாலோ மசித்து, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு நீர் சேர்த்து, இட்லி மாவைவிடத் தளர்வாகக் கரைத்து ஊற்றுங்கள். வடிகஞ்சி, அரிசி கழுவிய நீர், புளித்த மாவு எல்லாம் மிக நல்லது. பாத்திரம் தேய்த்த சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டும் போகக் கூடாது. கரைக்கும் நீரில் பாதிக்கு, வழிந்து வந்த குழம்பையே பயன்படுத்தலாம். லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருக்கும் தெருவில் அது பெரிய மிச்சம். முழுக்க அதையே ஊற்றினால் உப்பும் அம்மோனியாவும் உள்ளே ஏறிவிடும்.

காசிமேடு பக்கத்தில் மீன் கழிவு தாராளமாகக் கிடைக்கும். அதில் நைட்ரஜன் மிகுதி, அம்மோனியாவாக மாறிக் கலனை முடக்கும். பத்துப் பங்கு சோறு, காய்க்கு ஒரு பங்கு மீன் என்பதற்கு மேல் வேண்டாம். வறுத்த எண்ணெய் ஒரு கரண்டி போனால் வாயு கூடும், ஒரு சொம்பு போனால் மேலே ஏடு கட்டி அடைக்கும். தினமும் சின்ன டேங்கை இரண்டு பக்கமும் கால் சுற்று திருப்பிவிட்டால் ஏடு உடையும்.

வாயு இருப்பை அளக்க மீட்டர் தேவையில்லை. டேங்க் ஒரு சாண் எழும்பினால் 160 லிட்டர், அடுப்புக்கு முக்கால் மணி நேரம். மூன்று சாண் தாண்ட விடாமல் எரித்துவிடுங்கள்.

கோளாறுகள்

வழியும் குழம்பில் புளித்த வாடை வந்து, வாயு இருந்தும் சுடர் பிடிக்கவில்லையென்றால் அமிலம் ஏறியிருக்கிறது. பிஎச் தாள் நனைத்துப் பாருங்கள். 6.8 முதல் 7.4 வரை சரி. 6.5-க்குக் கீழே போனால் சோற்றை உடனே நிறுத்துங்கள். சமையல் சோடா 100 கிராமை ஒரு வாளி நீரில் கரைத்து ஊற்றி, ஒரு நாள் விட்டு மறுபடி பாருங்கள். 7-ஐத் தொடும்வரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் இதையே செய்யலாம். சுண்ணாம்பை ஒரேயடியாகக் கொட்டினால் பிஎச் மறுபக்கம் எகிறிவிடும். சரியானதும் 200 கிராமில் இருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

மூக்கில் சுருக்கென்று ஏறும் வாடை அம்மோனியா. மீனை நிறுத்தி, சில நாள் வெறும் தண்ணீரும் கஞ்சியும் ஊற்றுங்கள். சுடர் மஞ்சளாகிப் பாத்திரத்தில் கரி படிந்தால் காற்றுத் துளையைத் திறங்கள். சுடர் பர்னரை விட்டுத் துள்ளினால் மூடுங்கள். ராத்திரி வால்வை மூடி டேங்கில் மார்க்கர் கோடு போட்டுவிட்டு, காலையில் கோடு கீழே இறங்கியிருந்தால் கசிவு. நிப்பிளிலும் இணைப்புகளிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். சின்ன டேங்கைக் கையால் தூக்கிப் பார்க்காதீர்கள். வால்வு திறந்திருந்தால் உள்ளே காற்று இழுக்கும், வெடிக்கும் கலவை உண்டாகிவிடும்.

இரண்டு டேங்குக்கும் நடுவில் உள்ள வளையத்தில் கொசு முட்டையிடும். நைலான் கொசுவலையைச் சுற்றிலும் கட்டுங்கள், டேங்க் ஏறி இறங்கத் தளர்வு விட்டுக் கட்ட வேண்டும். வழியும் குழம்பு விழும் வாளிக்கும் மூடி போடுங்கள். அந்தக் குழம்பை மழைநீர்க் கால்வாயில் விடக் கூடாது. பத்துப் பங்கு நீர் சேர்த்தால் மாடித் தோட்டத்துக்கு நல்ல உரம். நீர் சேர்க்காமல் ஊற்றினால் தொட்டிச் செடியின் வேர் கருகும்.

ஊருக்குப் போனால் ஒரு மாதம் வரை ஒன்றும் போடாமல் விடலாம், திரும்பி வந்து பாதி அளவில் தொடங்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அடி வால்வைத் திறந்து நான்கைந்து குடம் வண்டல் எடுத்துவிட வேண்டும்.

கார்த்திகை, மார்கழிப் புயல் எச்சரிக்கை வந்தால் முந்தின நாளே வாயுவை எரித்துத் தீர்த்து, சின்ன டேங்கை அடிவரை இறக்கி, மணல் பைகளோடு சேர்த்து நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் பெரிய டேங்கோடு கட்டுங்கள். காற்றில் மூன்று சாண் எழும்பி நிற்கும் டேங்க் பாய்மரம் மாதிரி. பெரிய டேங்க் நிரம்பியே இருக்கட்டும், காலி டேங்க் வெள்ளத்தில் மிதந்து குழாயைப் பிடுங்கிவிடும். கட்டியதும் சின்ன டேங்கின் வால்வை மூடி, அடுப்புக்குப் போகும் ஹோஸைக் கழற்றுங்கள். கயிற்றால் கட்டிய டேங்கில் புது வாயு சேர்ந்தாலும் விளிம்புக்கு அடியில் குமிழிட்டு வெளியேறிக்கொள்ளும். புயல் கடந்து கயிற்றை அவிழ்த்த பிறகே ஹோஸை மாட்டி வால்வைத் திறங்கள்.